எரிந்தால்தான் ஆறுமா?

ஊசி போடுமுன் செவிலியர் பஞ்சில் நனைத்துத் தடவும் ஸ்பிரிட்டை அறியாதவர் இல்லை. அதே புட்டி இன்று பல வீடுகளின் அலமாரியிலும் இருக்கிறது. சிராய்ப்பு, வியர்க்குரு, படை, கொசுக்கடி என எதற்கும் அதைத் தடவுகிறார்கள். "எரிந்தால்தான் புண் ஆறும்" என்று பெரியவர்கள் சொல்வதையும் நாம் கேட்டிருக்கிறோம். இந்த நம்பிக்கை சரியா என்று பார்ப்போம்.

ஸ்பிரிட் என்பது பெரும்பாலும் 70 விழுக்காடு ஆல்கஹாலும் மீதி நீரும் கலந்தது. அது கிருமிகளின் புரதத்தைச் சிதைத்து அவற்றைக் கொல்கிறது. ஆனால் தோலின் ஈரத்தைக் காக்கும் கொழுப்பையும் அது கரைத்துவிடுகிறது. ஆகவே, அடிக்கடி தடவினால் தோல் வறண்டு, வெடித்து, அரிக்கத் தொடங்கும். அரிப்புக்காக மீண்டும் தடவினால் அரிப்பு மேலும் வளரும். சாயப்பட்டறையிலும் பணிமனையிலும் வேலை செய்வோர் கைக்கறையை ஸ்பிரிட்டால் துடைப்பதும் இத்தகைய தோலழற்சிக்கு இடமளிக்கும்.

இனி, எரிச்சலின் காரணத்தைக் காண்போம். தோலில் சூட்டை உணரும் நரம்பு முனைகள் வழக்கமாக ஏறத்தாழ 42 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் 'சுடுகிறது' என்று அறிவிக்கும். எத்தில் ஆல்கஹால் பட்டால் அவ்வரம்பு ஏறத்தாழ 34 டிகிரிக்கு இறங்கிவிடும். அப்போது நம் உடலின் இயல்பான வெப்பமே நெருப்பாகத் தோன்றும். எனவே எரிச்சல் புண் ஆறுவதன் அடையாளமன்று. மாறாக, திறந்த புண்ணில் ஆல்கஹால் புதிதாக வளரும் நல்ல செல்களையும் சிதைக்கும்.

சிறு காயத்தை ஓடும் நல்ல நீரில் கழுவி, சுற்றிலும் சோப்பால் துடைத்து, தூய துணியால் மூடுவதே போதும். அரிப்புக்குக் குளிர்ந்த ஈரத்துணியும், வறட்சிக்கு ஈரம் காக்கும் களிம்பும் உதவும். வார்டு வாசலில் உள்ள கைத்தேய்ப்பு மருந்து வேறு. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கலவையில் தோலைக் காக்க 1.45 விழுக்காடு கிளிசரால் சேர்க்கப்படுகிறது. அதை உலர்ந்த கைகளில் தேய்த்து, தானாகக் காயவிடுங்கள்.

பின்வருவனவற்றை உறுதியாகத் தவிருங்கள்:

• காய்ச்சலுள்ள குழந்தையின் உடலை ஸ்பிரிட்டால் துடைத்தல். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் அது உட்சென்று மயக்கத்தை உண்டாக்கலாம்.

• மருத்துவர் சொல்லாமல் பச்சிளங்குழந்தையின் தொப்புளில் தடவுதல்.

• நீரிழிவு நோயாளியின் காற்புண்ணில் ஊற்றுதல். உணர்ச்சி மரத்த காலில் எரிச்சலே தெரியாது. புண் மட்டும் ஆழமாகும். அத்தகைய புண்ணை அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

• அடுப்பு, விளக்கு அருகில் பயன்படுத்துதல். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும்.

இன்சுலின் போடுவோர் ஸ்பிரிட் நன்கு உலர்ந்த பின்னரே ஊசியைச் செலுத்துங்கள். குத்தும்போது எரிச்சல் குறையும். ஸ்பிரிட்டுக்கு உரிய இடம் ஊசி போடுமுன் உள்ள காயமில்லாத தோல்தான். மற்ற இடங்களில் தடவுமுன் எங்கள் செவிலியரிடம் ஒரு சொல் கேளுங்கள்.