நோயாளியின் மொழி

நம் சங்கத்துக் குடும்பங்கள் சிலவற்றில் மருத்துவம் பயிலும் பிள்ளைகள் உளர். முதலாண்டில் உடற்கூறும் உடலியங்கியலும் உயிர்வேதியியலும் கற்ற மாணாக்கர், இரண்டாம் ஆண்டில் ஆஸ்பத்திரி வார்டினுள் அடியெடுத்து வைக்கின்றனர். அதற்கு வேண்டிய வெள்ளை மேலங்கியும் ஸ்டெதாஸ்கோப்பும் கடையில் கிடைக்கும். கடையில் கிடைக்காதது நோயாளியின் மொழி.

வார்டில் முதற்பாடம், நோயாளியின் வரலாற்றைக் கேட்டு எழுதுதல். துன்பம் யாது, எப்போது தொடங்கியது, எதனால் மிகுகிறது, எதனால் தணிகிறது என முறையாக வினவ வேண்டும். பார்த்தல், தொட்டறிதல், தட்டியறிதல், செவிமடுத்தல் என்பன அதன் பின்னரே.

நாகபுரியில் பயிலும் நம் பிள்ளை கடைத்தெரு மராத்தி அறிந்திருக்கலாம். ஆயின், கிராமத்து மூதாட்டி ‘முங்க்யா யேத்தாத்’ என்பாள். ‘எறும்புகள் வருகின்றன’ என்பது சொற்பொருள்; கைகால் மரத்துக் குறுகுறுக்கிறது என்பதே கருத்து. ‘தாப் லாக்தே’ என்றால் மூச்சு வாங்குகிறது. ‘மள்மள்’ என்றால் குமட்டல். இரயில்வேயில் ஏடெழுதும் நாம் ஒன்றறிவோம்: சரக்குச் சீட்டில் ஊர்ப்பெயர் பிழைபட்டால் மூட்டை வேறூர் சேரும். நோயேட்டில் ஒரு சொல் பிழைபட்டால் துன்புறுவது ஓர் உயிரன்றோ!

2019 இல் வந்த பாடத்திட்டம், தொடக்கப் பயிற்சியிலேயே மொழிப் பயிற்சிக்கும் இடமளித்துள்ளது. அது போதாது. எஞ்சியதை வீட்டார் செய்யலாம். அண்டைவீட்டு மராத்திப் பாட்டியாரின் இசைவு பெற்று, மாலைதோறும் அவருடன் உரையாடச் செய்க. ‘ஆம், இல்லை’ என்று முடியும் கேள்விகளை விடுத்து, அவரையே பேசவிட்டுக் கேட்கப் பழகட்டும்.

வேறு இரு கடமைகளும் உண்டு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையாக, முதல் ஊசிக்கு ஒரு மாதமும் ஆறு மாதமும் கழித்துப் போடப்படுவது. ஆதலின் வார்டுக்குச் செல்லுமுன்பே தொடங்குக. மேலும், ‘இன்று யார் வந்தார், என்ன நோய்?’ என்று உணவு வேளையில் பிள்ளையை வினவாதீர். நம் காலனியில் ஒருவர் நோய் மற்றவர்க்குத் தெரிதல் நன்றன்று. நோயாளியின் செய்தியைக் காத்தலும் அப்பிள்ளை பயிலவேண்டிய பாடமே.

அரசுக் கல்லூரிகளின் அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களில் சேர்ந்து, மராத்தியில் ஒரு சொல்லும் அறியாது தமிழ்நாட்டினின்று வரும் மாணாக்கரும் உளர். ஞாயிறுதோறும் அவர்களை இல்லத்திற்கு அழைப்போம். நம் சோற்றோடு, ‘குடே துக்தய், ஆஜீ?’ (எங்கே வலிக்கிறது, பாட்டி?) என்று கேட்கவும் கற்றுத் திரும்பட்டும்.