நிலத்தடி நீர்ப் படமும் நம் கிணறும்

புதுவாயலில் கிணறு தோண்ட எண்ணும் விவசாயி ஒருவர் நிலத்தடி நீர்ப் படத்தை விரித்துப் பார்க்கிறார் எனக் கொள்வோம். ஊர் முழுவதும் ஒரே வண்ணம். ஆரணியாற்றங்கரைக் கிணறும் தொலைவிலுள்ள மேட்டுக் கிணறும் ஒன்றாகுமா? ஆகா. எனினும் ஒவ்வொரு கிணற்றையும் குறிக்கப் புகுந்தால் படம் புள்ளிக்காடாகிவிடும். ஆதலின் நம் மாநிலத்தில் ஒரு பகுதி முழுவதற்கும் ஒரே கணக்கிடுகின்றனர். ஆண்டில் எடுக்கத்தக்க நீரில் இறைக்கப்படுவது நூற்றுக்கு 70 வரையெனில் பாதுகாப்பானது, 90 வரை மிதமான அபாயம், 100 வரை அபாயம், மேற்பட்டால் அதிநுகர்வு. இச்சுருக்கம் அவசியமே. ஆயினும் 71-ம் 89-ம் ஒரே வண்ணம் பெற, 89-ம் 91-ம் வெவ்வேறாகிவிடுகின்றன!

உவர்ப்பு வேறு சங்கதி. மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் புகுந்திருப்பது அரை நூற்றாண்டாக அறிந்ததே. உவர்நீர்ப் பகுதிக்குத் தனி வண்ணம் உண்டு. ஓரிரு கிணறுகள் மட்டும் உவர்த்தால் படத்தில் ஏறாது.

ஆகவே பஞ்சாயத்தார் வண்ணத்தோடு நில்லாமல், அதன் பின்னுள்ள எண்ணையும் கணக்கெடுத்த ஆண்டையும் கேட்டறிதல் வேண்டும். மே மாதத்திலும் ஜனவரியிலும் ஊர்க் கிணறுகள் சிலவற்றின் நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து பதிவேட்டில் குறிக்கலாம். கடன் வாங்கிக் குழாய்க் கிணறு இறக்குமுன் அப்பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கலாம்.