ஒளியால் அளக்கும் கோபுரம்

ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் இராஜகோபுரம் 11 நிலைகள் கொண்டது. உயரம் சுமார் 59 மீட்டர். சாரம் கட்டாமல், ஒரு சுதைச் சிற்பத்தையும் தொடாமல் இதனை அளக்க முடியுமா? முடியும். இங்கே அளவுகோல் ஒளியே.

லேசர் ஸ்கேனர் என்னும் கருவி நொடிப்பொழுதில் மறையும் ஓர் ஒளித்துடிப்பை அனுப்புகிறது. அது சுவரில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தைக் கருவி கணக்கிடுகிறது. ஒளியின் வேகம் வினாடிக்குச் சுமார் 3,00,000 கிலோமீட்டர் என்பதை நீங்கள் அறிவீர்கள். கலசம் கருவியிலிருந்து 60 மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். ஒளி போய்த் திரும்பும் தூரம் 120 மீட்டர். ஆகும் நேரம் 0.4 மைக்ரோ வினாடி. இந்த நேரத்தில் ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு பிழைத்தாலும், தொலைவில் 15 சென்டிமீட்டர் பிழை நேரும். ஆகவே கருவியின் கடிகாரம் இதைவிடப் பன்மடங்கு நுட்பமாக இருத்தல் வேண்டும்.

தொலைவுடன், ஒளி சென்ற திசையின் கோணங்களும் பதிவாகின்றன. இவற்றிலிருந்து அந்தப் புள்ளியின் இருப்பிடம் கிடைத்துவிடும். இவ்வாறு கோடிக்கணக்கான புள்ளிகளைச் சேர்த்தால் கணிப்பொறித் திரையில் கோபுரமே உருவாகிறது! கீழிருந்து பார்க்கையில் ஒரு நிலையின் விளிம்பு மேலுள்ள சிற்பங்களை மறைக்குமல்லவா? அதனால் பல இடங்களிலிருந்து அளந்து இணைப்பார்கள். எட்டாத பகுதிகளை ட்ரோன் எடுக்கும் நிழற்படங்களால் நிரப்புவார்கள்.

இதனால் என்ன பயன்? காளத்தியில் 1516-இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய கோபுரம் 2010 மே 26 அன்று இடிந்து விழுந்தது. பாரிஸ் நோத்ர தாம் தேவாலயம் 2019 ஏப்ரல் 15 அன்று தீக்கிரையாயிற்று. ஆனால் அதனை ஆண்ட்ரூ டாலன் என்னும் கலை வரலாற்றுப் பேராசிரியர் முன்பே லேசரால் அளந்து, 100 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளாகப் பதிந்திருந்தார். அப்பதிவு சீரமைப்புக்குத் துணையாயிற்று; 2024 டிசம்பரில் தேவாலயம் மீண்டும் திறக்கப்பட்டது. குஜராத்தின் பாடன் நகரில் 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ராணி கி வாவ் படிக்கிணறும் 2011-இல் இம்முறையில் பதிவு செய்யப்பட்டது.

இன்னொரு பயனும் உண்டு. சில ஆண்டுகள் இடைவெளியில் இருமுறை அளந்து ஒப்பிட்டால், கோபுரம் சாய்கிறதா, வெடிப்பு அகல்கிறதா என்பது தெரியும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். அழிந்துபோன மண்டபத்தையும் கணிப்பொறி வரைந்து காட்டும்; ஆனால் அது அளவு அன்று, ஊகம். திரையில் ஒரு பழைய கட்டடத்தைக் காணும்போது எது அளந்தது, எது ஊகித்தது என்று கேளுங்கள். ஊகத்தை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். அளப்பதற்கோ, கட்டடம் நின்றுகொண்டிருக்க வேண்டும்.