உதவி பட்டாவுக்கு, உழைப்பு குத்தகைக்காரருக்கு

இயற்கை விவசாயத்துக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகள் பலர் என்னிடம் முதலில் கேட்பது நிலத்தின் விலையைத்தான். விதை, மாடு, தண்ணீர் பற்றிய பேச்செல்லாம் அப்புறம்தான் வரும். வங்கியில் வேலை பார்த்தவன், விலை தெரிந்திருக்கும் என்று நினைக்கிறார்கள் போல. விலையைச் சொல்வது சுலபம். அந்த விலை ஏன் இப்படி நிற்கிறது, அதில் விவசாயக் கொள்கைக்கு என்ன பங்கு என்று சொல்வதற்குத்தான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். நம் பத்திரிகை வாசகர்கள் கணக்குக்குப் பயப்படுகிறவர்கள் இல்லை. போட்டுப் பார்ப்போம்.

எங்கள் திண்டிவனம், செஞ்சிப் பக்கம் ரோட்டை ஒட்டிய நிலத்தை சென்ட் கணக்கில் பேசுகிறார்கள். உள்ளே தள்ளியிருப்பதை ஏக்கர் கணக்கில் பேசுகிறார்கள். கிணற்றுப் பாசனம் உள்ள ஒரு ஏக்கர் 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பத்திரத்தில் முழு விலையையும் காட்டினால் முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 1,80,000 ரூபாய் தனி.

அதில் நெல் வைக்கிறோம். ஏக்கருக்கு 25 குவிண்டால், அரசு கொள்முதல் நிலையத்தில் குவிண்டால் 2,500 என்றால் வரவு 62,500. உழவு, நடவு, களை, அறுப்புக் கூலி எல்லாம் போகக் கையில் 25,000 நின்றால் நல்ல பட்டம் என்போம். இரண்டு போகத்துக்கு 50,000. அதே 20 லட்சத்தை 7 சதவீதத்துக்கு டெபாசிட்டில் போட்டிருந்தால் உட்கார்ந்த இடத்தில் 1,40,000 வட்டி வந்திருக்கும். திருப்பிப் போட்டாலும் இதே கதைதான். வருஷம் 50,000 தரக்கூடிய சொத்துக்கு 7 சதவீதக் கணக்கில் நியாயமான விலை சுமார் 7 லட்சம். அப்படியானால் மிச்சம் 13 லட்சம் எதற்கு? நெல்லுக்கு இல்லை என்பது நிச்சயம்.

அந்த 13 லட்சம்

பாதிக்கு மேல் நகரத்துப் பணத்தின் வேலை. தமிழ்நாட்டில் விவசாய நிலத்தை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். மகாராஷ்டிரம், குஜராத்தில் விவசாயியாக இருந்தால்தான் வாங்க முடியும். கர்நாடகத்திலும் கட்டுப்பாடு இருந்தது, 2020இல் எடுத்துவிட்டார்கள். விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. நகராட்சி எல்லையிலிருந்து, அந்த ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்து, 2, 6 அல்லது 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரியும் இல்லை. பணம் வைத்திருப்பவருக்கு இதைவிடப் பத்திரமான பெட்டகம் வேறு என்ன வேண்டும்? நாளைக்கு மனை போடலாம் என்ற ஆசை அதற்கு மேல்.

இன்னொரு பங்கு, நாம் போராடிப் பெற்ற உதவிகளுக்கே போகிறது. நிலத் தரகர் முதலில் சொல்வதே, "ஃப்ரீ சர்வீஸ் இருக்குங்க" என்பதுதான். இலவச மின் இணைப்பு உள்ள கிணற்று நிலத்துக்கு விலை கூட. மின்சாரம் தருவது அரசு, அதன் மதிப்பை விலையில் சேர்த்து வாங்கிக்கொள்வது நிலத்தை விற்கிறவர். அடுத்து வாங்கும் சின்ன விவசாயி இலவசத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார்.

இதைப் பெரிய அளவில் பார்க்கத் தெலங்கானா இருக்கிறது. 2018இல் ரைத்து பந்து என்ற திட்டம் வந்தது. ஏக்கருக்குப் போகம் ஒன்றுக்கு 4,000 ரூபாய், மறு ஆண்டு முதல் 5,000. வருஷத்துக்கு ஏக்கருக்கு 10,000. பாஸ்புத்தகம் யார் பேரில் இருந்ததோ அவருக்குக் கொடுத்தார்கள். 10 ஏக்கர் வைத்திருந்தால் 1 லட்சம். அதைக் குத்தகைக்கு ஓட்டியவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வங்கிக்காரன் கணக்கில் சொல்கிறேன்: நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வருஷம் 10,000 ரூபாய் நிச்சயமாக வரும் என்றால், 8 சதவீத வட்டியில் அதன் மதிப்பு 1,25,000. அந்த வரவு தொடரும் என்று ஊர் நம்ப ஆரம்பித்தால், அவ்வளவு தூரம் ஏக்கர் விலை ஏற வழி பிறந்துவிடுகிறது.

நம் ஊரில் எல்லாரும் வாங்கும் பி.எம். கிசான் 6,000 ரூபாய் குடும்பக் கணக்கு, ஏக்கர் கணக்கு இல்லை. அதனால் விலையை அவ்வளவாக ஏற்றாது. ஆனால் அதுவும் நில ஆவணத்தில் பெயர் உள்ளவருக்குத்தான்.

ஏர் ஓட்டுகிறவர் எங்கே?

உதவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருக்கிற உதவியே போதாது. அது யார் கைக்குப் போகிறது என்பதுதான் கேள்வி.

பயிர்க் கடனை எடுத்துக்கொள்ளுங்கள். 3 லட்சம் வரை 7 சதவீத வட்டி, தவணை தவறாமல் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடி, ஆக 4 சதவீதம். மலிவான கடன். அதற்கு வங்கி கேட்பது சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று. சிட்டாவில் பெயர் இல்லாதவர் மேசைக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான். அவர் போய்ச் சேருவது அடகுக்கடையில், இல்லையென்றால் மருந்துக்கடையில். மருந்துக்கடைக்காரர் கடனாகக் கொடுப்பது யூரியாவும் பூச்சிமருந்தும், பஞ்சகவ்யா இல்லை. குத்தகை விவசாயி ரசாயனத்தை விடாததற்கு மனம் மட்டும் காரணம் இல்லை, கடன் கிடைக்கும் இடமும் காரணம்.

கடன் பட்டாவுக்குப் போனால் தள்ளுபடியும் அங்கேதான் போகும். 2021 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க் கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி ஆனது. 16 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள் பயன் பெற்றார்கள். நல்ல காரியம். ஆனால் கடனே வாங்க முடியாதவருக்குத் தள்ளுபடி ஏது?

இதில் வேடிக்கை என்னவென்றால், விவசாயி என்பவர் யார் என்று மத்திய அரசே 2007ஆம் ஆண்டின் தேசிய விவசாயிகள் கொள்கையில் எழுதி வைத்திருக்கிறது. குத்தகைதாரர், வாரதாரர், விவசாயக் கூலித் தொழிலாளர் எல்லாரும் அந்த வரையறைக்குள் வருகிறார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து, 2019இல் பி.எம். கிசான் வந்தபோது பட்டாதாரர் மட்டுமே விவசாயி ஆகிவிட்டார்.

முடியாத காரியமா என்றால், இல்லை. அதே காலத்தில் ஒடிசா அரசு கொண்டுவந்த காலியா திட்டத்தில் வாரதாரர்களுக்கும் நிலமற்ற குடும்பங்களுக்கும் இடம் கொடுத்தார்கள். ஆந்திராவில் 2019இல் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் போட்டு, 11 மாத ஒப்பந்தத்தின் பேரில் குத்தகைதாரருக்கு அட்டை கொடுத்தார்கள். அங்கே ஒரு முட்டுக்கட்டை, நிலக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து என்றதும் நிலக்காரர் பின்வாங்குகிறார்.

மண்ணுக்கு மூணு வருஷம், குத்தகைக்கு 11 மாதம்

இது நம்மைப் போன்ற இயற்கை விவசாயிகளுக்கு ஏன் உயிர்ப் பிரச்சினை? ரசாயனத்திலிருந்து மாறும் நிலத்துக்கு அங்ககச் சான்று விதிகளே பருவப் பயிருக்கு 2 ஆண்டு, பல்லாண்டுப் பயிருக்கு 3 ஆண்டு மாறுதல் காலம் வைத்திருக்கின்றன. அனுபவத்தில் நமக்கும் தெரியும், முதல் வருஷம் விளைச்சல் இறங்கும், மூன்றாம் வருஷம்தான் மண் பேசும். வாய்ச்சொல்லில் ஒரு வருஷத்துக்கு நிலம் வாங்கியவர், அடுத்தவர் அறுக்கப்போகும் விளைச்சலுக்காக இன்றைக்குத் தக்கைப்பூண்டு விதைப்பாரா?

விதைத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் ஏரிக்குக் கீழே 2 காணி குத்தகைக்கு ஓட்டினார். நாலு வருஷம் பலதானியம் விதைத்து மடக்கி உழுதார், ஆட்டுக்கிடை போட்டார், மல்லாட்டைக்கும் உளுந்துக்கும் மாற்றி மாற்றிப் பட்டம் வைத்தார். களர் பூத்த மூலைகூடப் பச்சை ஆனது. ஐந்தாம் வருஷம் நிலக்காரர் வந்து, "மண்ணு இப்ப நல்லா ஆயிடுச்சு, இன்னொருத்தர் ரெண்டு மூட்டை கூடத் தரேங்கறாரு" என்றார். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. இவர் பேசாமல் வரப்பிலிருந்து இறங்கிவிட்டார். இப்போது வேறு இடத்தில் ஓட்டுகிறார், யூரியா போட்டுத்தான். "இன்னொரு தடவை யாரோட மண்ணையும் நான் ஆளாக்கித் தர மாட்டேண்ணே" என்று என்னிடம் சொன்னார். நமக்கு ஏற்பட்ட நஷ்டம் அந்த 2 காணி மட்டுமா? நல்ல ஒரு இயற்கை விவசாயியையே இழந்தோம்.

நிலக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. தமிழ்நாட்டில் 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1956இல் நியாயக் குத்தகைச் சட்டமும், 1969இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் வந்தன. நினைத்தபோது வெளியேற்றப்பட்ட உழவர்களுக்கு அவை அரணாக இருந்தன. ஆனால் இன்றைக்கு 2 ஏக்கர் வைத்திருக்கும் சின்ன நிலக்காரரும், "எழுதிக் கொடுத்தா நிலம் போயிடும்" என்று பயப்படுகிறார். அந்தப் பயத்தால் பத்திரம் இல்லை, பத்திரம் இல்லாததால் கடன் இல்லை, காலம் இல்லை, கடைசியில் மண்ணும் இல்லை.

இதற்கு ஒரு வழி 2016இல் நிதி ஆயோக் வெளியிட்ட மாதிரி நிலக் குத்தகைச் சட்டத்தில் இருக்கிறது. நிலத்தின் உரிமை நிலக்காரருக்கே என்று உறுதி, சாகுபடி செய்பவருக்கு அந்த ஒப்பந்தத்தை வைத்தே கடனும் காப்பீடும். அதைவிட நமக்கு முக்கியமானது, குத்தகைதாரர் நிலத்தில் செய்த மேம்பாட்டில் அனுபவித்தது போக மிச்சமுள்ள மதிப்பை, முடியும்போது அவர் திரும்பப் பெறலாம் என்ற ஏற்பாடு. நிலம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மாநிலங்கள் சட்டமாக்கினால்தான் இது உயிர் பெறும்.

அதுவரைக்கும் என்ன செய்யலாம்?

என் நிலத்துக்குப் பக்கத்தில் 2 ஏக்கரை நானும் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். நிலக்காரர் வெளியூரில் இருக்கிறார். ஐந்து வருஷத்துக்கு எழுதிப் பதிவு செய்துகொண்டோம். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். முதல் இரண்டு வருஷம் குத்தகை குறைவு, பிறகு ஏற்றம். நிற்கும் பயிரை அறுக்காமல் வெளியேற்றக் கூடாது. ஆரம்பத்தில் மண் பரிசோதனை செய்து கரிமச் சத்து அளவைப் பத்திரத்தோடு இணைத்திருக்கிறோம். முடியும்போது மறுபடி பார்த்து, கூடியிருந்தால் கடைசி வருஷக் குத்தகையில் கழிவு. நான் வைக்கும் மரங்களுக்கும் கணக்கு உண்டு. அவர் சம்மதித்ததற்கு என் வயதும் ஒரு காரணமாக இருக்கலாம். எல்லாருக்கும் இப்படி வாய்க்காது. அதனால்தான் சட்டம் வேண்டும் என்கிறேன்.

பட்டா இல்லாமல் ஓட்டுகிறவர்கள் 4 முதல் 10 பேர் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்தால் ஈடு இல்லாமல் வங்கிக் கடன் கேட்கலாம். வாய்மொழிக் குத்தகைதாரரையும் சேர்த்துத்தான் நபார்டு இந்த முறையைக் கொண்டுவந்தது. கிளை மேலாளர் தெரியாதது போல் இருந்தால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் போங்கள். பயிர்க் காப்பீட்டிலும் குத்தகைதாரர் சேரலாம். விதைத்ததும் கிராம நிர்வாக அலுவலரிடம் உங்கள் பெயரில் சாகுபடிச் சான்று கேளுங்கள்.

நிலம் வைத்திருந்து குத்தகைக்கு விடும் நம் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நிலத்தில் ரசாயனம் வேண்டாம் என்றால், ஓட்டுகிறவருக்குக் காலம் கொடுங்கள். காலம் கொடுக்காமல் யூரியா போடாதே என்று சொல்வது நியாயம் இல்லை.

இயக்கமாக நாம் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, போகந்தோறும் உண்மையில் சாகுபடி செய்கிறவர் பெயர் அடங்கலில் ஏற வேண்டும். அதனால் நில உரிமை மாறாது என்று அரசாணையே சொல்ல வேண்டும். இரண்டு, அங்கக வேளாண்மைக்கான மானியங்கள் சாகுபடி செய்பவர் கணக்குக்குப் போக வேண்டும். மூன்று, இயற்கை விவசாயத்துக்கு ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் குத்தகை எழுதித் தருகிறவருக்கு முத்திரைக் கட்டணத்தையும் பதிவுக் கட்டணத்தையும் விலக்க வேண்டும்.

கிராமசபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில், நம் ஊரில் குத்தகைக்கும் வாரத்துக்கும் ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர், எத்தனை ஏக்கர் என்று ஒரு பட்டியல் தயாரிக்கத் தீர்மானம் கொண்டுவாருங்கள். எந்த அலுவலகத்திலும் இல்லாத பட்டியல் அது. தயாரானதும் ஒரு நகலை ஆட்சியரிடம் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். இன்னொரு நகலை நம் பத்திரிகைக்கு அனுப்பி வையுங்கள்.