உப்பளத்து வெயிலில் ஓர் இணையப் பக்கம்

மரக்காணம் உப்பளங்களில் உப்பு வாரும் மாதங்களில் எல்லோருக்கும் இருக்கிற பெரிய கவலை மழைதான். எதிர்பாராத ஒரு கோடை மழை போதும், பாத்தியில் விளைந்து நிற்கும் உப்பு கரைந்துவிடும். மழை வருமா என்று இன்று கைபேசியிலேயே பார்த்துவிடலாம். ஆனால் உச்சி வெயிலில், வெள்ளை உப்புக் குவியல்களுக்கு நடுவே நின்றுகொண்டு அதைப் படிக்க முடியுமா? எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து அந்த வானிலைப் பக்கத்துக்கு நிறமும் எழுத்தும் தேர்ந்தெடுத்தவர் கையில்தான் பாதி விடை இருக்கிறது.

இணையதளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோப்புகளின் தொகுப்பை 'தீம்' என்கிறார்கள். செய்தியும் படமும் தரவுத்தளத்தில் தனியே இருக்கும். தீம் அவற்றை எடுத்துப் பக்கமாக அடுக்கித் தரும். அதனால் ஒரே சொடுக்கில் ஆயிரம் பக்கங்களின் முகமும் மாறிவிடும். தவறினால் ஆயிரமும் சேர்ந்தே கெடும்.

இதற்காகத்தான் முன்னோட்ட வசதி வந்தது. இணையதளங்களை நடத்த உதவும் வேர்டுபிரஸ் மென்பொருளின், 2008 ஜூலையில் வெளியான 2.6 பதிப்பில், புதிய தீமை ஊரறியச் செய்யுமுன் பார்த்துக்கொள்ள வழி கிடைத்தது. 2012 ஜூனில் வந்த 3.4 பதிப்பில், நிறத்தையும் தலைப்பையும் மாற்ற மாற்ற விளைவைப் பக்கத்திலேயே காணலாம் என்றானது. உள்ளே நடப்பது எளிமையானது. உள்நுழைந்திருக்கும் நிர்வாகியைச் சர்வர் அடையாளம் கண்டு, அவருக்கு மட்டும் புதிய தீமில் பக்கத்தைக் கட்டித் தருகிறது. மற்றவர்களுக்குப் பழைய தோற்றமே போகும். பெரிய தளங்கள் முழுத் தளத்தையும் வேறொரு சர்வரில் நகலெடுத்து, கடவுச்சொல் போட்டுப் பூட்டிச் சோதிக்கின்றன.

விக்கிப்பீடியா இன்னும் பொறுமையாக நடந்துகொண்டது. 'வெக்டர் 2022' என்ற புதிய தோற்றத்தின் மாற்றங்களை 2020 முதல் பிரெஞ்சு, ஹீப்ரு போன்ற சில மொழிகளில் விட்டுப் பார்த்து, 2023 ஜனவரியில்தான் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தது. தமிழ் விக்கிப்பீடியாவில் கணக்கு வைத்திருப்பவர்கள் விருப்பத்தேர்வுகள் பக்கத்துக்குப் போனால், ஒவ்வொரு தோற்றத்தையும் தேர்ந்தெடுக்குமுன் பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ்த் தளங்களுக்கு இந்த முன்னோட்டம் கூடுதல் அவசியம். பெரும்பாலான தீம்கள் ஆங்கில எழுத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. மாதிரிப் படத்தில் அழகாகவே இருக்கும். நம் எழுத்தை ஊற்றியதும் 'கீ'யின் மேல்சுழியும் 'மூ'வின் கீழ்ச்சுழியும் வரி இடைவெளி போதாமல் அடுத்த வரியோடு மோதும். நீண்ட தமிழ்ச் சொல் பொத்தானைத் தாண்டி வெளியே நிற்கும். ஆகவே முன்னோட்டத்தைச் சொந்தத் தமிழ்ச் செய்தியோடு பார்க்க வேண்டும்.

எழுத்து சரியானாலும் வெளிச்சம் என்ற சிக்கல் இருக்கிறது. 2008 டிசம்பரில் வெளியான இணைய அணுகல் வழிகாட்டி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்கிறது. வெள்ளையில் கறுப்பு என்றால் 21க்கு 1. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; அலுவலக அறையில் அது சில நூறு லக்ஸ். நண்பகல் வெயில் ஏறத்தாழ 1 லட்சம் லக்ஸ். திரைக் கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். அப்படித் திரும்பும் ஒளி, திரையின் சொந்த வெள்ளைக்குச் சமமாகிவிட்டது என்று வையுங்கள். 21 என்ற வேறுபாடு 1.9 ஆகச் சுருங்கும், 4.5 என்பது 1.6 ஆகும். நாகரிகம் என்று பலரும் விரும்பும் வெளிர் சாம்பல் எழுத்தில், 2 என்பது 1.3 ஆகி ஏறக்குறைய மறைந்தே போகும். சுற்றிலும் உப்பு பளபளக்க, கண்பாவையும் சுருங்கியிருக்கும். அறைக்குள் பார்க்கும் எந்த முன்னோட்டமும் இதைக் காட்டாது.

இணைப்பின் வேகமும் இப்படித்தான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மரக்காணம் இருக்கும் அதே விழுப்புரம் மாவட்டத்தில் மயிலத்தில் 51 செ.மீ. மழை கொட்டியது. இப்படிப்பட்ட நாளில் மின்சாரமும் சிக்னலும் தள்ளாடும்போது, பெரிய படங்களைச் சுமந்த தீம் திறப்பதற்குள் எச்சரிக்கைக்கான நேரம் கழிந்துவிடும். மெதுவான இணைப்பை உண்டாக்கிச் சோதிக்கும் வசதி உலாவிகளிலேயே இருக்கிறது, செலவு ஒன்றுமில்லை.

வானிலை, மீன்வளம், நிவாரணம் என்று மக்கள் நம்பியிருக்கும் தளங்களை நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். புதிய தோற்றத்தை வெளியிடுமுன், விலை குறைந்த ஒரு கைபேசியில் அதைத் திறந்து, நண்பகலில் வெட்டவெளியில் நின்று படித்துப் பாருங்கள். படிக்க முடியவில்லை என்றால் வெளியிடாதீர்கள்.