வென்ற பின்னும் தீராத கடன்

வழக்கில் வெற்றி என்னும் சொல் காதுக்கு இனியது. ஆயினும், முறையற்ற வேலைநீக்கத்தை எதிர்த்து வழக்காடித் தீர்ப்புப் பெற்ற தொழிலாளி, தீர்ப்பின் நகலோடு வீடு வந்து சேர்ந்ததும் முதலில் எண்ணுவது வரவையன்று, கடனையே. வழக்குரைஞருக்குக் கொடுத்தது, பேருந்துக்குக் கொடுத்தது, நகல் எடுக்கக் கொடுத்தது, வாய்தாவுக்குச் சென்ற நாள்களில் இழந்த கூலி ஆகிய யாவும் ஒன்றுசேர்ந்து ஒரு பெருந்தொகையாக எதிரே நிற்கும். தவறு செய்தவர் வேலை கொடுத்தவரே என்று நீதிமன்றம் கூறிவிட்டது. அத்தவற்றை மெய்ப்பிக்க ஆன செலவை மட்டும் தவறு செய்யாதவர் ஏன் சுமக்க வேண்டும்? இவ்வினாவை நம் குடும்பங்களின் நடுவே வைத்துச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் வட்டாரத்தின் இருவகை உழைப்பு

செய்யாறு, ஆரணி வட்டாரங்களில் இன்று இருவகை உழைப்பு அருகருகே நிற்கிறது. ஒன்று தறி. ஆரணிப் பட்டு நாடெங்கும் பேர் பெற்றது. முதலாளியிடம் பாவும் பட்டும் பெற்று, தம் வீட்டுத் தறியில் சேலை நெய்து கொடுத்துக் கூலி பெறும் குடும்பங்கள் இங்குப் பல. மற்றொன்று ஆலை. செய்யாற்றுச் சிப்காட் தொழிற்பேட்டையின் காலணித் தொழிற்சாலைகளுக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து திரளான பெண்கள் வேலைக்குச் செல்கின்றனர்.

இவ்விருவகையாரும் வேலை இழக்கும் விதம் வேறு. ஆலைத் தொழிலாளியை, நாளை முதல் வரவேண்டாம் என்று வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். நெசவாளிக்கு அதுவும் இல்லை. அடுத்த பாவு வராது, அவ்வளவுதான். ஓர் ஓலையோ கையொப்பமோ இன்றி அவருடைய பிழைப்பு நின்றுபோகும்.

வீட்டுத் தறியில் நெய்பவர், தாம் ஒருவரிடம் பணிபுரிந்த தொழிலாளியே என்பதை முதலில் நிலைநாட்ட வேண்டும். அஃது எளிதன்று; ஆயினும் வழி அடைபட்டதும் அன்று. துண்டுக்கு இவ்வளவு என்று கூலி பெற்ற தையற்காரர்களையும் கடையின் பணியாளராகவே கொள்ள வேண்டும் என்று 1973-இல் சில்வர் ஜூபிலி தையலகம் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. வேலை கொடுத்தவரின் கட்டுப்பாடு எத்தகையது, வேலையை மறுக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பன போன்றவற்றை நீதிமன்றம் ஆராயும். பாவு பெற்ற சீட்டும் கூலிப் புத்தகமும் அப்போது பெருஞ்சான்றாகும்.

சட்டம் திறந்த கதவு

சுதந்திரம் பெற்ற ஆண்டாகிய 1947-இல் தொழில் தகராறுகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தனியொரு தொழிலாளியின் வேலைநீக்கம் தொழில் தகராறாக ஏற்கப்பட வேண்டுமாயின், தொழிற்சங்கமோ உடனுழைப்போரோ அதனைத் தமதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற நிலை அன்று இருந்தது. 1965-இல் சேர்க்கப்பட்ட 2ஏ பிரிவு அக்குறையை நீக்கித் தனி மனிதருக்கும் கதவைத் திறந்தது. 1971-இல் வந்த 11ஏ பிரிவு, தண்டனை மிகையானது எனக் கண்டால் அதனை மாற்றும் அதிகாரத்தைத் தொழிலாளர் நீதிமன்றத்திற்கு அளித்தது. 2025 நவம்பர் 21 முதல் இச்சட்டத்தின் இடத்தில் 2020-ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. பழைய ஏற்பாடு புதியதற்கு இடம் கொடுக்கும் காலம் இது.

உரிமையியல் வழக்கைப் போலக் கோரும் தொகைக்கேற்ப முத்திரைக் கட்டணம் செலுத்தும் சுமை தொழிலாளர் வழக்கில் இல்லை. அவ்வாறாயின் செலவு எங்கிருந்து வருகிறது?

நம் மாவட்டத்து வழக்குகள் வேலூரிலுள்ள தொழிலாளர் நீதிமன்றத்திற்குச் சென்று வந்துள்ளன. ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். திங்களுக்கு ஒரு வாய்தா எனக் கொண்டால், மூன்றாண்டுகளில் 36 பயணங்கள். துணைக்கு ஒருவர் உடன் வந்தால், போக்குவரத்திற்கு 144 பயணச்சீட்டுகள். இடையில் பேருந்து மாறினால் இன்னும் மிகும். இருவருக்கும் சேர்த்து 72 நாள் கூலி போயிற்று. வழக்குரைஞர் கட்டணம் இதில் சேரவில்லை. நிர்வாகம் மேல்முறையாக உயர் நீதிமன்றத்திற்குச் சென்றால், சென்னைப் பயணமும் அங்குள்ள வழக்குரைஞரின் கட்டணமும் தனி. நிர்வாகத்திற்கு இச்செலவு கணக்கேட்டில் ஒரு வரி. தொழிலாளிக்கோ மனைவியின் தாலிக்கொடி.

செலவுத்தொகை பற்றிய விதி

இச்செலவை மீட்கச் சட்டத்தில் வழியே இல்லை என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11(7) பிரிவு, வழக்குச் செலவை யார் யாருக்கு எவ்வளவு, எந்த நிபந்தனையுடன் கொடுக்க வேண்டும் என்பதை முடிவுசெய்யும் முழு அதிகாரத்தையும் தொழிலாளர் நீதிமன்றத்திற்கே வழங்கியது. அத்தொகையைக் கொடுக்கத் தவறினால், உரியவர் அரசுக்கு விண்ணப்பித்து, நிலவரி நிலுவையை வசூலிப்பது போலவே வசூலிக்கச் செய்யலாம் என்றும் அது கூறியது. புதிய தொகுப்பிலும் செலவுத்தொகை தீர்ப்பாயத்தின் விருப்புரிமைக்கே விடப்பட்டுள்ளது.

அதிகாரம் இருந்தும் அது அரிதாகவே பயன்படுவதேன்? ஒரு காரணம் சட்டத்தின் அமைப்பிலேயே உள்ளது. தொழிலாளர் நீதிமன்றம் எளியோர் தாமே வந்து முறையிடும் இடமாக இருக்க வேண்டும் என்பது சட்டம் செய்தோரின் எண்ணம். ஆகவேதான் எதிர்த்தரப்பின் இசைவும் நீதிமன்றத்தின் அனுமதியும் இன்றி வழக்குரைஞர் அங்கு வாதாடலாகாது என்று 36(4) பிரிவு விதித்தது. வழக்குரைஞர் இல்லையேல் பெருஞ்செலவும் இல்லை என்று கருதினர் போலும். நடைமுறையிலோ இரு தரப்பிலும் வழக்குரைஞர் நிற்பது வழக்கமாகிவிட்டது. எண்ணம் ஏட்டில் நின்றது. செலவு வீட்டிற்கு வந்தது.

மற்றொரு காரணம் நம்மவரின் மௌனம். மீண்டும் வேலை, பணித்தொடர்ச்சி, பின்சம்பளம் ஆகியவற்றைக் கேட்கும் மனுவில், செலவுத்தொகை என்பது இறுதியில் ஒரு சொல்லாக ஒட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு செலவாயிற்று என்பதற்குக் கணக்கும் இராது, சீட்டும் இராது. கேட்காததையும் காட்டாததையும் நீதிபதி எவ்வாறு வழங்குவார்? உயர் நீதிமன்ற ஆணைகள் பலவற்றின் இறுதியில் ‘செலவுத்தொகை இல்லை’ என்னும் சிறு வரி காணப்படும். அச்சிறு வரிக்குள் எத்தனை வீடுகளின் கடன் அடங்கியிருக்கிறது என்பதைப் படிப்போர் அறியார்.

மறுபக்கத்தையும் காண வேண்டும்

தோற்றவர் வென்றவரின் செலவைக் கொடுத்தேயாக வேண்டும் என்று கண்டிப்பான விதி செய்துவிட்டால் என்ன? கேட்பதற்கு நன்று. ஆனால் அவ்விதி இருமுனைக் கத்தி. தொழிலாளி தோற்றுவிட்டால், நிர்வாகம் அமர்த்திய பெரிய வழக்குரைஞரின் கட்டணமும் அவர் தலையில் விழுமன்றோ? அவ்வச்சத்தாலேயே நியாயம் உள்ளவரும் நீதிமன்றப் படியேற மாட்டார்.

இதற்கு நம் மாநிலத்தின் வரலாறே சான்று. 1918-இல் சென்னையில் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் பி. பி. வாடியா மீதும் மற்றவர் மீதும் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளை நடத்திய பின்னி நிறுவனம் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. வழக்கின் சுமையே சங்கத்தை நசுக்கும் படைக்கலம் ஆகக் கூடும் என்பதை நாடு அன்று கண்டது. அதன் விளைவாக எழுந்த கோரிக்கையே 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டமாகக் கனிந்தது.

பிற நாடுகளும் இவ்விக்கலை உணர்ந்துள்ளன. ஜெர்மனியில் தொழிலாளர் நீதிமன்றத்தின் முதல் நிலையில் வென்றவரும் தம் வழக்குரைஞர் செலவைத் தாமே ஏற்க வேண்டும். தோற்கும் தொழிலாளியைக் காப்பதற்காக அமைந்த ஏற்பாடு அது. இங்கிலாந்தின் தொழில் தீர்ப்பாயங்களில் தோற்றவர் செலவைக் கொடுப்பது பொதுவிதியன்று. அடாத முறையில் வழக்கை நடத்தியவர்மீதே செலவு சுமத்தப்படும். அந்நாட்டில் 2013-இல் தீர்ப்பாயத்தை அணுகுவதற்கே கட்டணம் விதித்தனர். வேலைநீக்க வழக்கொன்றிற்கு விசாரணை முடிய அது 1,200 பவுன் வரை ஆயிற்று. வழக்குகளின் எண்ணிக்கை பெரிதும் சரிந்தது. நீதியை அணுகும் உரிமைக்கு அது தடை என்று கூறி, 2017 ஜூலை 26 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அக்கட்டணத்தை நீக்கியது.

எனவே நாம் வேண்டுவது கண்மூடித்தனமான விதியன்று. வேண்டுமென்றே வேலைநீக்கம் செய்து, வேண்டுமென்றே வழக்கை இழுத்தடித்த நிர்வாகத்திடமிருந்து செலவைப் பெற்றுத் தரும் விருப்புரிமை சட்டத்தில் உள்ளது. அதனைத் துணிந்து பயன்படுத்த வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

உச்ச நீதிமன்றம் காட்டிய நெறி

இவ்வேண்டுகோளுக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் துணை நிற்கின்றன. 1978-இல் இந்துஸ்தான் டின் ஒர்க்ஸ் வழக்கில், வேலைநீக்கம் செல்லாது எனில் முழுப் பின்சம்பளமே பொதுவிதி என்றது அந்நீதிமன்றம். அவ்வழக்கின் சூழலைக் கருதி 75 விழுக்காடு வழங்கியது. 2013-இல், மராட்டிய மாநில ஆசிரியை ஒருவரின் வழக்கில் அந்நெறியை மீண்டும் வலியுறுத்தியது. தவறு செய்தவர் நிர்வாகம், துன்புற்றவர் பணியாளர் என்பதை மறவாதிருக்க வேண்டும் என்றும், சிறந்த வழக்குரைஞர்களை அமர்த்தி வழக்கை நீட்டிக்கும் வலிமை நிர்வாகத்திற்கே உண்டு என்றும் அது சுட்டிக்காட்டியது.

செலவின் அளவைப் பற்றி 2005-இல் சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் வழிகாட்டுதல் கிடைத்தது. செலவுத்தொகை பெயரளவில் இராமல், நியாயமாக ஆன உண்மைச் செலவாக இருக்க வேண்டும் என்றும், செலவிட்ட நேரம், வழக்குரைஞர் கட்டணம், பயணம், தங்குதல் ஆகியவற்றையும் கணக்கிட வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. அது உரிமையியல் வழக்குகளைக் குறித்தது. ஆயினும் நியாயமான செலவு யாது என்பதற்கு ஓர் அளவுகோலாக அதனைத் தொழிலாளர் வழக்கிலும் எடுத்துரைக்கலாம்.

குடும்பங்கள் செய்ய வேண்டுவன

முதலாவது, காலம் கடத்தலாகாது. வேலைநீக்கத்தை எதிர்த்து முறையிடப் பழைய சட்டத்தில் 3 ஆண்டுகள் இருந்தன. புதிய தொகுப்பு அதனை 2 ஆண்டுகளாகக் குறைத்துள்ளது. வேலை இழந்த அவ்வாரமே தொழிலாளர் துறை அலுவலரிடம் எழுத்தில் முறையிட்டு, ஒப்புகை பெற்றுக்கொள்வது நன்று.

இரண்டாவது, கடன் வாங்கும் முன் இலவச சட்ட உதவியை நாட வேண்டும். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பெண்களும் ஆலைத் தொழிலாளரும் ஆதிதிராவிட, பழங்குடி மக்களும் வருமான வரம்பு எதுவுமின்றி அவ்வுதவிக்கு உரியவர்கள். இதனை அறியாமல் வட்டிக்கு வாங்கியவர் பலர். வட்ட சட்டப் பணிகள் குழு நீதிமன்ற வளாகத்திலேயே இயங்குகிறது. மீட்கும் செலவைக் காட்டிலும் செய்யாத செலவே சிறந்தது.

மூன்றாவது, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, முதல் நாள் முதல் கணக்கெழுத வேண்டும். தேதி, சென்ற இடம், பேருந்துக் கட்டணம், இழந்த கூலி, நகல் செலவு ஆகியவற்றை எழுதிச் சீட்டுகளை ஒட்டிவைக்க வேண்டும். வழக்குரைஞருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு கேட்பது மரியாதைக் குறைவன்று.

நான்காவது, செலவுத்தொகையை மனுவிலேயே தெளிவாகக் கோர வேண்டும். வாதம் முடியும் நாளில் செலவுப் பட்டியலைத் தாக்கல் செய்து, எதிர்த்தரப்பு எத்தனை முறை வாய்தா கேட்டது என்பதையும் குறிப்பிட வேண்டும். சமரசம் பேசும்போதும் இதனை மறத்தலாகாது. ஒப்பந்தத்தில் செலவு எழுதப்படாவிடில் பின்னர் கேட்க இடமிராது.

ஐந்தாவது, நிர்வாகம் மேல் நீதிமன்றம் சென்றால் மனம் தளரலாகாது. மீண்டும் வேலை அளிக்க ஆணையான பின் அவ்வழக்கு நிலுவையில் உள்ள காலத்தில், வேறு வேலையின்றி இருப்பதாக உறுதிமொழிப் பத்திரம் அளிக்கும் தொழிலாளிக்கு இறுதியாகப் பெற்ற ஊதியத்தைத் தொடர்ந்து கொடுக்க வேண்டும் என்ற பாதுகாப்பு, 1984 ஆகஸ்ட் 21 முதல் 17பி பிரிவாக நடைமுறைக்கு வந்தது. புதிய தொகுப்பும் அதனைக் கைவிடவில்லை.

இவை தொழிலாளி செய்ய வேண்டுவன. சுற்றியிருக்கும் நமக்கும் கடமை உண்டு. பங்குதோறும் உள்ள வின்சென்ட் தே பவுல் சபையினர் நோயுற்றோருக்கும் விதவையருக்கும் உதவுவது போல, வேலை இழந்து வழக்காடும் குடும்பத்தின் பேருந்துச் செலவையும் ஏற்கலாம். படித்த இளைஞர் ஒருவர் அவர்களுடன் வேலூர் வரை சென்று வரலாம். நோட்டில் கணக்கெழுதித் தரலாம். வழக்கின் நடுவே கைப்பணம் தீர்ந்துபோய், கிடைத்ததை வாங்கிக்கொண்டு கையொப்பமிடுவோர் தோற்பது நியாயத்தால் அன்று, பசியால். அப்பசியைத் தாங்கிப்பிடிக்க அண்டை வீட்டாரால் இயலும்.

வேலை கொடுப்போருக்கும் ஒரு சொல். நம்மிலும் தறி வைத்து நடத்துவோர், கடை வைத்திருப்போர், நிறுவனங்களை நிர்வகிப்போர் உள்ளனர். ஒருவரை வேலையை விட்டு அனுப்பும் முன் அவர் சொல்வதைக் கேட்பதற்குப் பணம் வேண்டுவதில்லை. அரைமணி நேரம் போதும். அந்த அரைமணி நேரத்தை மறுப்பதால்தான் பல வழக்குகள் பிறக்கின்றன. தவறு என்று தெரிந்த பின்னும் வழக்கை நீட்டிப்பவர், பின்சம்பளத்தோடு எதிரியின் செலவையும் சேர்த்துக் கொடுப்பதே முறை. நீதிமன்றம் ஆணையிடும் வரை காத்திராமல் அதனைத் தாமே கொடுக்க முன்வருவோரை ஊர் மதிக்கும்.