நீங்களும் ப்ளக்இன் எழுதலாம்!

அரூரில் என் சித்தப்பா மஞ்சள் வியாபாரம் செய்கிறார். கடைக்காக வேர்ட்பிரஸில் ஓர் இணையதளம் அமைத்துக் கொடுத்திருந்தேன். "ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழேயும் கடை போன் நம்பர் வரணும்டா" என்றார். இருபது கட்டுரைகளையும் திறந்து கையால் டைப் செய்வதா? நாளை நம்பர் மாறினால்? ப்ளக்இன் எழுதக் கற்றுக் கொள்வது என்று முடிவு செய்தேன்.

மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகியோர் 2003-ல் தொடங்கிய வேர்ட்பிரஸ் ஓர் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். அதன் புரோகிராமை யாரும் படிக்கலாம், மாற்றலாம். ஆனால் மூல பைல்களில் கை வைத்தால் அடுத்த அப்டேட்டில் நம் மாற்றம் அழிந்து விடும். ப்ளக்இன் தனி போல்டரில் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. 2004-ல் வந்த 1.2 பதிப்பிலேயே இந்த வசதி வந்து விட்டது.

செய்முறை எளிது. வேர்ட்பிரஸ் இருக்கும் இடத்தில் 'டபிள்யூபி-கன்டென்ட்' போல்டரைத் திறக்கவும். அதற்குள் 'ப்ளக்இன்ஸ்' போல்டர் இருக்கும். அதில் புதிய போல்டர் ஒன்றை உருவாக்கி, நோட்பேடில் எழுதிய பிஎச்பி பைலைச் சேமிக்கவும். பைலின் தொடக்கத்தில் கமெண்ட்டாக 'ப்ளக்இன் நேம்' என ஆங்கிலத்தில் டைப் செய்து, ஒரு பெயர் கொடுக்கவும். அட்மின் பக்கத்தில் உள்ள ப்ளக்இன் பட்டியலில் அந்தப் பெயர் தோன்றும்.

அடுத்து ஒரு பங்ஷன் எழுத வேண்டும். கட்டுரை திரைக்கு வரும் வழியில் வேர்ட்பிரஸ் அதை நம் பங்ஷனிடம் தரும். நாம் போன் நம்பரைச் சேர்த்து, 'ரிட்டர்ன்' மூலம் திருப்பித் தர வேண்டும். இந்த இணைப்பை ஏற்படுத்துவது 'ஆட் பில்டர்' என்ற கட்டளை.

நான் ரிட்டர்ன் எழுத மறந்து விட்டேன். ஆக்டிவேட் செய்ததும் எல்லாக் கட்டுரைகளும் காலி! தலைப்புகள் மட்டும் நின்றன. பேக்கப்பும் எடுத்து வைக்கவில்லை. சித்தப்பாவின் ஒரு வருட உழைப்பு போயிற்றே என்று வியர்த்து விட்டது. நடுங்கும் கையோடு டீஆக்டிவேட் கிளிக் செய்தேன். அத்தனையும் திரும்பி வந்தன! கட்டுரைகள் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் பத்திரமாகவே இருந்தன. என் பில்டர் மாற்றியது திரையில் தெரிவதை மட்டுமே.

எனவே நண்பர்களே, முதலில் உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸாம்ப் நிறுவி, அதில் வேர்ட்பிரஸை இயக்கிப் பழகுங்கள். பேக்கப் எடுத்த பிறகே இணையத்தில் உள்ள தளத்தைத் தொடுங்கள். தமிழில் படிக்க விரும்புவோருக்கு, 2012-ல் தொடங்கிய 'கணியம்' இதழின் கட்டுரைகள் உதவும்.

சென்ற மாதம் சித்தப்பாவின் நம்பர் மாறியது. ஒரே ஒரு வரியைத் திருத்தினேன். இருபது கட்டுரைகளிலும் மாறி விட்டது!